ஏ/எல், ஏ/பி பெயரோடு ஆய்வுக்கட்டுரை எழுதுகிறீர்களா? மேற்கோள் பதிவை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன மாதம் பக்கத்துத் தாமானிலிருந்து ஒரு பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகலை முடித்தவள், முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள், இரண்டு கட்டுரை வெளிவந்திருக்கிறது. "அக்கா, ஸ்கோபஸில் என் பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை" என்றாள். ஆய்வுக்கட்டுரைகளையும் அவற்றை யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் பட்டியலிடும் தளம் அது. தேடிப் பார்த்தோம். இரண்டும் இருந்தன. ஒன்று அவள் அப்பா பெயரில் இருந்தது. இன்னொன்று, "ஏபி" என்பதையே குடும்பப் பெயராக வைத்திருக்கும் யாரோ ஒருவர் எழுதியதாக இருந்தது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்று போட்டால் இன்னாரின் மகன், ஏ/பி என்று போட்டால் இன்னாரின் மகள்.

எனக்கும் இதேதான் நடந்தது, கூடுதல் நஷ்டத்தோடு. என் துறை தசை-எலும்பு ரோபோ. மூட்டுக்கு மூட்டு மோட்டாரைப் பொருத்தாமல், நம் உடம்பில் இருப்பதுபோல எலும்புச் சட்டத்தின்மேல் தசைகளை ஓடவிட்டு, அவை இழுக்கிற இழுப்பில் கையும் காலும் அசைகிற ரோபோ. அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாள், கழுத்தை அண்ணாந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஒரே இழுப்பு, அப்புறம் அடுத்த மரம். இன்று அவருடைய வலது கை தோளுக்குமேல் உயராது, சட்டை மாட்டும்போது அம்மாதான் பிடித்துவிட வேண்டும். அந்தத் தோளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். ஆறு கட்டுரை எழுதிய பிறகு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு விண்ணப்பித்தால், உங்கள் பதிவில் இரண்டு கட்டுரைதானே இருக்கிறது என்று முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். மீதி நான்கும் வேறு இரண்டு பெயர்களில் கிடந்தன. எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க ஐந்து மாதம் ஆனது. முதல் கட்டுரைக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு சனி ஞாயிறில் முடிந்திருக்கும் வேலை.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

1. பெயரை முடிவு செய்யுங்கள், ஒரே ஒரு முறை

கட்டுரைகளைப் பட்டியலிடும் தளங்கள் எல்லாம் ஒரு மனிதருக்குச் சொந்தப் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று நினைத்துக் கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு, நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி. ஐசியில் "தேவி ஏ/பி முனியாண்டி" என்று இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். இவர் கவனிக்காமல் விட்டால் ஒரு கட்டுரையில் "முனியாண்டி டி.", இன்னொன்றில் "தேவி எம்.", மூன்றாவதில் "ஏபி முனியாண்டி டி." என்று அச்சாகும். பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது, அதை எடுத்துவிட்டு எழுத்துகளை ஒட்டிவிடும். இப்படித்தான் ஏபி என்ற புதுக் குடும்பம் பிறக்கிறது.

எழுத்துக்கூட்டலும் ஒரு பாடு. முனியாண்டி என்பது தமிழில் ஒரே பெயர்தான், ஆனால் ரோமன் எழுத்தில் கடைசியில் ஐ போடலாம், ஒய் போடலாம், நடுவில் ஒரு ஒய் சேர்க்கலாம். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி எழுதிக்கொடுத்தது பிறப்புப் பத்திரத்தில் ஏறி, அங்கிருந்து ஐசிக்கு வந்திருக்கும். அண்ணன் ஐசியில் ஒரு மாதிரியும் தங்கை ஐசியில் வேறு மாதிரியும் இருக்கிற வீடுகள் நம்மிடையே நிறைய. உங்கள் ஐசியிலும் கடப்பிதழிலும் உள்ள எழுத்து எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்கிறதே என்று மாற்றாதீர்கள்.

இரண்டு வழிகள் உண்டு. ஏ/பியை விட்டுவிட்டு "தேவி முனியாண்டி" என்று இரண்டையும் முழுதாக எழுதுவது ஒன்று. இந்திய வழக்கப்படி "எம். தேவி" என்று தலைப்பெழுத்தை முன்னால் போடுவது இன்னொன்று. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். தேவி, குமார், ராஜா போன்ற பெயர்கள் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், பின்னால் ஒற்றை எழுத்து மட்டும் நின்றால், தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் இருக்கும் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்களோடு கலந்துவிடுவீர்கள். முழுப்பெயர் என்றால் குழப்பம் குறைவு. ஆனால் ஒன்று, மேற்கோள் காட்டுகிறவர்கள் உங்களை அப்பா பெயரில்தான் குறிப்பிடுவார்கள். சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடித்திருந்தது. முதல் முறை தன் பெயரை அச்சில் பார்த்த அப்பா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

எதை எடுத்தாலும் சாகும்வரை அதுதான். மேற்பார்வையாளரிடமும் கூட்டாக எழுதுகிறவர்களிடமும் எழுத்துமூலம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பாதித் தப்பு நாம் செய்வதில்லை, நமக்காகப் படிவம் நிரப்புகிறவர்கள் செய்வது.

2. ஓர்கிட் எண் எடுங்கள்

இது ஆய்வாளருக்கான ஐசி எண் மாதிரி. 16 இலக்கம், நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள், கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் வந்தாலும் பயப்பட வேண்டாம். இலவசம். பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பெயர் எத்தனை விதமாக அச்சானாலும் இந்த எண் கூடவே போனால் அது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். முதலில் மின்னஞ்சல். பல்கலைக்கழக மாணவர் முகவரியை மட்டும் கொடுத்தால் படிப்பு முடிந்து அந்த முகவரி மூடப்பட்ட அன்று நீங்கள் வெளியே நிற்பீர்கள். கடவுச்சொல்லை மாற்றக்கூட முடியாமல் நான் மூன்று வாரம் அலைந்தேன். சொந்த முகவரி ஒன்றையும் சேர்த்தே பதியுங்கள். இரண்டாவது, "வேறு பெயர்கள்" என்று ஒரு பகுதி இருக்கும், அதில் ஐசியில் உள்ள முழுப்பெயர், ஏபி ஒட்டிக்கொண்ட பெயர், தலைப்பெழுத்துப் பெயர் எல்லாவற்றையும் போடுங்கள். மூன்றாவது, யார் பார்க்கலாம் என்ற அமைப்பை எல்லாரும் என்று வையுங்கள். "நான் மட்டும்" என்று வைத்துவிட்டு, ஏன் ஒருவருக்கும் என் கட்டுரை தெரியவில்லை என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுரை அனுப்பும்போது ஓர்கிட் எண்ணைக் கொடுத்திருந்தால், அது வெளியான பிறகு கிராஸ்ரெஃப் என்ற அமைப்பிடமிருந்து உங்கள் ஓர்கிட் கணக்குக்கு ஒரு செய்தி வரும், உங்கள் பட்டியலில் தானாகச் சேர்க்க அனுமதி கேட்டு. விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஒரு முறை அனுமதித்தால் போதும், அடுத்தடுத்த கட்டுரைகள் தானாக வந்து சேரும்.

3. கட்டுரை அனுப்பும் நாளில்

நம் துறையின் பெரிய மாநாடுகளான இக்ராவுக்கும் ஐரோஸுக்கும் கட்டுரைகள் பேப்பர்பிளாசா என்ற தளத்தின் வழியாகப் போகும். அங்கே எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பின் எண் வேண்டும். இங்கேதான் அடுத்த பொறி. நீங்கள் ஒரு பின் எடுத்திருப்பீர்கள், அது தெரியாமல் கூட எழுதும் நண்பர் உங்கள் பெயரில் இன்னொன்றைப் புதிதாக எடுத்திருப்பார், அதில் பெயர் வேறு மாதிரி இருக்கும். கட்டுரையின் பிடிஎஃப்பில் சரியாக இருந்தால் போதாது. பட்டியல் தளங்கள் முதலில் எடுத்துக்கொள்வது படிவத்தில் உள்ள பெயரை. அதனால் அனுப்புவதற்கு முன் படிவத்தையும் பிடிஎஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஆய்விதழ் என்றால் அச்சுக்கு முன் மெய்ப்பு அனுப்புவார்கள், இரண்டு மூன்று நாள்தான் அவகாசம் இருக்கும். சமன்பாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பெயரைப் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பாருங்கள். மலாயில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். உங்கள் பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாக எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். வெளியான பிறகு மாற்றுவது குதிரைக்கொம்பு.

4. எங்கே அனுப்புவது, எவ்வளவு ஆகும், எப்போது கையில் கிடைக்கும்

இதில்தான் பலர் தேதியைத் தப்பாகக் கணக்கிட்டுப் படிப்பை நீட்டிக்கொள்கிறார்கள்.

இக்ராவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் செப்டம்பர் நடுவில், மாநாடு அடுத்த ஆண்டு மே அல்லது ஜூனில். ஐரோஸுக்கு மார்ச் தொடக்கத்தில், மாநாடு அக்டோபர் வாக்கில். மாநாடு முடிந்து கட்டுரை ஐ-ட்ரிபிள்-ஈ என்ற பொறியாளர் சங்கத்தின் இணைய நூலகத்தில் ஏறி, அங்கிருந்து ஸ்கோபஸுக்கு வர இன்னும் வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். ஆக, செப்டம்பரில் அனுப்பியதை ஸ்கோபஸில் பார்க்க ஏறக்குறைய ஒரு வருடம் என்று வையுங்கள். பட்டம் பெற ஸ்கோபஸில் ஏறிய கட்டுரை வேண்டும் என்று விதி வைத்திருக்கும் பல்கலைக்கழகம் உங்களுடையது என்றால், ஏற்றுக்கொண்ட கடிதம் போதுமா, பட்டியலில் ஏறியிருக்க வேண்டுமா என்று பட்டப்படிப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

ராபாட்டிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன் லெட்டர்ஸ் என்ற ஆய்விதழ் நம் மாதிரி ஆட்களுக்கு நல்லது. அனுப்பியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவதுதான் அவர்கள் நோக்கம். ஆறு பக்கம் வரை கட்டணம் இல்லை, ஏழாவது எட்டாவது பக்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆறுக்குள் முடிக்கப் பாருங்கள், வெட்ட வெட்டக் கட்டுரை நன்றாகத்தான் ஆகும். ஐ-ட்ரிபிள்-ஈ அக்சஸ் போன்ற, யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த இதழ்களில் எழுதுகிறவரிடம் ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர் கேட்பார்கள், நம் வெள்ளியில் மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும். ஆராய்ச்சி மானியத்தில் அதற்கு இடம் இருந்தால் மட்டும் போங்கள். மாநாடு என்றால் பதிவுக் கட்டணமே பல நூறு டாலர், அப்புறம் விமானம், தங்குமிடம். ஐ-ட்ரிபிள்-ஈயில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்தால் கட்டணம் குறையும், ஆனால் மாணவர் பதிவு ஒரு கட்டுரைக்குச் செல்லுமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு ஆர்காய்வ் என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. கட்டுரையை இலவசமாக ஏற்றலாம், ரோபாட்டிக்ஸுக்குத் தனிப் பிரிவே உண்டு. முதல் தடவை ஏற்றுகிறவருக்கு ஏற்கெனவே ஏற்றிய ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம், மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆனால் அது ஆய்விதழ் கணக்கில் சேராது.

இன்னொரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "உங்கள் கட்டுரையை மூன்று வாரத்தில் ஸ்கோபஸ் இதழில் போட்டுத் தருகிறோம்" என்று மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வரும். ஸ்கோபஸ் தளத்தில் இதழ்ப் பட்டியல் இருக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். நீக்கப்பட்ட இதழ்களின் பட்டியலும் தனியாக இருக்கிறது. இரண்டிலும் தேடுங்கள். போன வருடம் இருந்த இதழ் இந்த வருடம் நீக்கப்பட்டிருக்கும், அவர்கள் பழைய படத்தைக் காட்டுவார்கள். தோட்டத்தில் கூலி வேலை செய்து அப்பா அம்மா சேர்த்த பணத்தை இப்படிக் கொடுத்து ஏமாந்த மாணவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தருக்கொருத்தர் மேற்கோள் காட்டிக்கொள்ளும் குழுக்களிலும் சேராதீர்கள், அந்த வலை பின்னாளில் பளிச்சென்று தெரியும்.

5. கூகுள் ஸ்காலர்

ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் கூகுளின் தளம். எல்லாவற்றிலும் சுலபம் இதுதான், சுலபம் என்பதாலேயே அசட்டையாக விடுகிறோம். பக்கம் தொடங்கும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலால் உறுதிப்படுத்துங்கள், இல்லையென்றால் பெயரைத் தேடுகிறவர்களுக்கு உங்கள் பக்கம் வராது. சொந்தக் கணக்கில் பக்கத்தைத் திறந்து, பல்கலைக்கழக முகவரியை உறுதிப்படுத்த மட்டும் கொடுப்பதுதான் சரியான முறை.

அமைப்பில், புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கவா, என்னைக் கேட்டுச் சேர்க்கவா என்று இருக்கும். கேட்டுச் சேர்க்கும்படி வையுங்கள். நான் தானாக என்று விட்டிருந்தேன். ஒரு நாள் பார்த்தால் என் பக்கத்தில் பல் மருத்துவம் பற்றி ஒரு கட்டுரை, மண் வளம் பற்றி இரண்டு. தெரியாமல் வந்ததுதான், ஆனால் நேர்காணல் குழுவுக்கு அது பொய்க் கணக்காகத்தான் தெரியும். பார்த்த அன்றே நீக்கினேன்.

ஆர்காய்வில் ஏற்றியதும் மாநாட்டில் வந்ததும் தனித்தனி வரியாக நிற்கும். இரண்டையும் தேர்ந்தெடுத்து இணையுங்கள், மேற்கோள்கள் ஒன்றுசேரும். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வரும், அது இணைத்ததற்கான அடையாளம்தான்.

6. ஸ்கோபஸ் திருத்தம்

இங்கே நீங்கள் கணக்கு திறக்க வேண்டியதில்லை, கட்டுரை வந்ததும் அதுவே உங்களுக்கு ஓர் எண் கொடுத்துவிடும். பெயர் வேறு மாதிரி இருந்தால் இன்னொரு எண் கொடுத்துவிடும். எனக்கு மூன்று எண் இருந்தன.

இது வெறும் அழகுப் பிரச்சினை கிடையாது. எச்-இன்டெக்ஸ் என்பது, குறைந்தது எச் தடவை மேற்கோள் காட்டப்பட்ட எச் கட்டுரைகள் உங்களிடம் உள்ளனவா என்ற கணக்கு. ஆறு கட்டுரைக்கு 11, 7, 5, 4, 2, 0 என்று மேற்கோள் இருந்தால் எச்-இன்டெக்ஸ் 4. அதையே மூன்று பக்கத்தில் 11-ம் 2-ம் ஓரிடம், 7-ம் 0-ம் ஓரிடம், 5-ம் 4-ம் ஓரிடம் என்று சிதறவிட்டால் 2, 1, 2 என்று ஆகிவிடும். ஆள் அதே ஆள், உழைப்பு அதே உழைப்பு.

தளத்தில் எழுத்தாளர் தேடல் இலவசம். குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர், உங்கள் பெயர், ஏபி ஒட்டிய பெயர், எழுத்துக்கூட்டல் மாறிய பெயர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். கிடைத்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் திருத்தக் கோரும் பக்கத்துக்குப் போங்கள். உங்களுடைய பக்கங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பது, எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்று சொல்வது, கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஆம் இல்லை என்று குறிப்பது, அவ்வளவுதான். கட்டணம் இல்லை. பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து கேட்டால் நம்பிக்கை கூடும். கோரிக்கை எண்ணோடு பதில் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி வாரத்தில் இதைத் தொடங்கி அழுது பயனில்லை.

கட்டுரையே காணோம் என்றால் டிஓஐ எண்ணையும் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்) பிடிஎஃப்பையும் இணைத்து அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். அந்த மாநாடோ இதழோ ஸ்கோபஸ் பட்டியலிலேயே இல்லை என்றால் யாராலும் ஏற்றித் தர முடியாது. ஏற்றித் தருகிறேன் என்று காசு கேட்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார்.

7. வெப் ஆஃப் சயின்ஸ்

இதுவும் ஸ்கோபஸ் மாதிரி ஒரு பட்டியல் தளம். இதில் உங்கள் பக்கத்தை நீங்கள்தான் போய் உரிமை கோர வேண்டும். ஓர்கிட்டோடு இணைத்துவிட்டால் அரை மணி நேர வேலை. மாநாட்டுக் கட்டுரைகள் இங்கே தனித் தொகுப்பில் இருக்கும், உங்கள் பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்புக்குச் சந்தா கட்டவில்லை என்றால் உங்களுக்கே தெரியாது. அதனால் எண் குறைவாக வந்தால் பதற வேண்டாம்.

8. எண்ணை எப்படிப் படிப்பது, எப்படிக் காட்டுவது

மேற்பார்வையாளரைத் தேடும்போதும் இது உதவும். நம் துறையில் மாநாட்டுக் கட்டுரைக்கு மதிப்பு அதிகம். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஜேஎஸ்கே ஆய்வுக்கூடத்தில் செய்த கெங்கோரோ என்ற ரோபோவுக்கு வியர்க்கும். எலும்புச் சட்டத்திலிருந்து தண்ணீர் கசிந்து, ஆவியாகி, மோட்டாரின் சூட்டைத் தணிக்கும். உலகமே பேசிய அந்த வேலை 2016-இல் ஐரோஸ் மாநாட்டில்தான் வந்தது, அடுத்த ஆண்டுதான் அந்த ரோபோவின் வடிவமைப்பு பற்றிய கட்டுரை சயின்ஸ் ராபாட்டிக்ஸ் இதழில் வந்தது. ஆய்விதழை மட்டும் எண்ணுகிற ஒருவர் முதலாவதைத் தவறவிட்டுவிடுவார். நம் நாட்டில் ஆய்விதழைத்தான் முதலில் எண்ணுவார்கள் என்பதால், விண்ணப்பத்தில் மாநாட்டின் பெயருக்குக் கீழே அது எப்படிப்பட்ட மாநாடு, முழுக் கட்டுரையும் மதிப்பீட்டுக்குப் போனதா என்று ஒரு வரி எழுதுங்கள். தயங்க வேண்டாம்.

தன்னைத்தானே மேற்கோள் காட்டுவது பற்றியும் கேட்பார்கள். ஒரு தசை-எலும்பு ரோபோவைக் கட்ட வருடக்கணக்கில் ஆகும், அதே உடம்பை வைத்துத்தான் அடுத்த கட்டுரையும் அதற்கடுத்ததும் வரும். பழைய கட்டுரையைக் குறிப்பிடாமல் எழுதவே முடியாது. ஸ்கோபஸில் சொந்த மேற்கோளை நீக்கிவிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. இரண்டு எண்ணையும் நீங்களே எழுதிவிடுங்கள், கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

தேடும் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. தசை-எலும்பு என்பதற்கு ஆங்கிலத்தில் மஸ்குலோஸ்கெலிட்டல் என்று மட்டும் போட்டால் முதுகுவலி, மூட்டுவலி என்று மருத்துவக் கட்டுரைகள் கொட்டும். செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களின் தசை-எலும்பு வலி பற்றியே மலேசியாவில் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் அவற்றைத் தேடித் தேடிப் படித்தேன், அப்பாவின் தோள் அதில் இருந்தது. ஆனால் அந்தத் துறையின் மேற்கோள் எண்ணையும் நம் எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. அதோடு ஒரே பொருளுக்குப் பல பெயர். உள்ளே லேடெக்ஸ் குழாய், வெளியே பின்னல் உறை, காற்றை ஏற்றினால் விறைத்துத் தடித்து நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கும். பால்மரத்துப் பாலில் வந்த குழாய்தான் அது, முதல் முறை கையில் பிடித்தபோது உயிருள்ள தசை மாதிரி துள்ளியது. இதை ஒருவர் மெக்கிபென் தசை என்பார், இன்னொருவர் நியூமேட்டிக் ஆர்டிஃபிஷியல் மசில் என்பார், மூன்றாமவர் பிஏஎம் என்று மூன்றெழுத்தோடு நிறுத்திக்கொள்வார். உங்கள் கட்டுரையின் சுருக்கத்தில் முதல் இரண்டு முழுப்பெயர்களும் வர வேண்டும், இல்லாவிட்டால் உங்களைத் தேடுகிறவருக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.

மேற்கோள் நேர்மையாகக் கூட வேண்டுமானால், மற்றவர்கள் பயன்படுத்தும்படி எதையாவது கொடுங்கள். தசை-எலும்பு அசைவைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் ஓப்பன்சிம் மென்பொருளை விளக்கிய 2007 கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறிப்பிடுவதால்தான். உங்கள் தோள் மாதிரியையோ நிரலையோ செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால் இலவசமாக டிஓஐ கிடைக்கும். எப்படிக் குறிப்பிட வேண்டும் என்ற வரியையும் நீங்களே எழுதி வையுங்கள்.

9. விண்ணப்பக் கோப்பு

முனைவர் பட்டம், வேலை, எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற அரசாங்க ஆராய்ச்சி மானியம், எதுவானாலும் ஒரே கோப்புறையில் இவை தயாராக இருக்கட்டும்: ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கம், ஏற்றுக்கொண்ட கடிதம், டிஓஐ எண், ஸ்கோபஸ் பக்கத்தின் பிடிஎஃப், ஐசி நகல், ஓர்கிட் எண். எல்லாப் படத்திலும் எடுத்த தேதி தெரிய வேண்டும். "மேற்கோள் 29" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் என்று சேர்த்து எழுதுங்கள். ஸ்காலர் எண் பெரும்பாலும் ஸ்கோபஸ் எண்ணைவிட அதிகமாகத்தான் இருக்கும், ஆய்வேடுகளையும் ஆர்காய்வையும் அது சேர்த்து எண்ணுகிறது. தேதியும் தளமும் இல்லாவிட்டால் கூட்டிச் சொன்னதாக நினைப்பார்கள்.

சில இடங்களில் ஐசிப் பெயரும் கட்டுரைப் பெயரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். சத்தியப் பிரமாணம் ஒன்று எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு முத்திரை வாங்கினால் போதும், கட்டணம் பெரிதில்லை. பட்டணத்தில் வழக்கறிஞர் அலுவலகங்கள் இருக்கும் வரிசையில் விசாரியுங்கள். ஐசி அசலை எடுத்துப்போங்கள். அங்கே போவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், ஆணையர் கண்முன்தான் போட வேண்டும். நான் வீட்டிலேயே போட்டுக்கொண்டு போய், மறுபடி அச்செடுக்க வெயிலில் மோட்டாரில் திரும்பி வந்தேன்.

ஸ்கோபஸ் திருத்தம் முடிவதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் வந்துவிட்டால் காத்திருக்காமல் அனுப்புங்கள். கட்டுரைப் பட்டியலுக்கு மேலே இப்படி ஒரு குறிப்பு இருக்கட்டும், பக்கத்துத் தாமான் பெண்ணுக்கும் இதைத்தான் எழுதிக்கொடுத்தேன்: "என் கட்டுரைகள் ஸ்கோபஸில் இரண்டு எழுத்தாளர் எண்களின் கீழ் உள்ளன. இரண்டும் நானே. இணைக்கக் கோரியுள்ளேன், கோரிக்கை எண்ணும் தேதியும் கீழே. முழுப் பட்டியலை என் ஓர்கிட் பக்கத்தில் பார்க்கலாம்."